வலது பக்கச் சக்கரம்

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு ராசாங்கம் டிராக்டரை வெறும் வண்டியாகத் திருப்பிக்கொண்டு வந்தான். லப்பைக்குடிக்காடு தாண்டி ஓடைப்பாலத்துக்கு இறங்கும் இடத்தில், பின்னால் வந்த டிரெய்லரின் இடது சக்கரம் கழன்று தனியாக ஓடியது. ரோட்டை விட்டு இறங்கி, பருத்திக் கொல்லைக்குள் செடிகளை நசுக்கிக்கொண்டு போய் விழுந்தது. டிரெய்லர் இடப்பக்கம் சாய்ந்து தார் ரோட்டைக் கீறியபடி டிராக்டரையும் பக்கவாட்டில் இழுத்தது. பதறிப்போன ராசாங்கம் குதித்தான். குதித்த இடத்தில் கருங்கல் கிடந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

அவன் மனைவி கொளஞ்சியம்மாள் அப்போது முத்துவேலின் வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வெட்டுக்குப் போவது அவள்தான். அவள் புருஷன் வண்டி ஓட்ட, அவள் வெட்டு பார்க்க, நாலைந்து வருஷமாக அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. சேதி கொண்டுவந்தவனிடம் அவள் முதலில் கேட்டது காலைப் பற்றி அல்ல. டிரெய்லரில் யாராவது ஏறி வந்தார்களா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் அரிவாளைக் கீழே போட்டாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று காலையிலும் அத்தனை பெண்களும் அந்த டிரெய்லரில் ஏறித்தான் வயலுக்கு வந்தார்கள். வீரம்மாளின் மடியில் பால்குடிப் பிள்ளை இருந்தது. சாயங்காலம் திரும்பவும் அதில்தான் ஏறியிருப்பார்கள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டு, புருஷனை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்ததும், கண்ணேறு பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கொளஞ்சி சுற்றிப் போட்டாள். போட்டுவிட்டு, டிரெய்லரை இழுத்துப்போய் நிறுத்தியிருந்த ரோட்டோர வெல்டிங் பட்டறைக்கு நடந்தாள். சக்கரம் ஏன் கழன்றது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பட்டறையில் ராசாங்கத்தின் தம்பி தர்மராஜ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அண்ணன் எழுந்து நடமாடும்வரை வண்டி ஓட்ட வேண்டியவன் அவன்தான். டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். குறுக்கே கிடந்த ஆக்சில், நடுவில் சதுர இரும்பு. இரண்டு முனைகளையும் மட்டும் உருண்டையாகக் கடைந்திருந்தார்கள். அந்த உருண்டை முனையில்தான் பேரிங்குகள் உட்காரும். பேரிங்குகளின் மேல்தான் சக்கரம் சுற்றும். இடது முனை இருந்த கோலத்தைப் பார்த்தால், கோழி கொத்திய கொய்யாப்பழம் மாதிரி இருந்தது. பேரிங் உடைந்து நொறுங்கி, முனையோடு சேர்ந்து அரைத்திருந்தது.

வெல்டிங் வைத்து உப்பவிட்டு, அரம் போட்டு உருட்டி, புதுப் பேரிங் ஏற்றிவிட்டால் நாளை மறுநாள் வண்டி ஓடும் என்றான் பட்டறைக்காரன். தர்மராஜும் தலையாட்டினான். கொளஞ்சி குனிந்து பார்த்தாள். அரைபட்ட இடத்தில் இரும்பு ஒரே நிறமாக இல்லை. மேலே ஒரு தோல் உரிந்து, அடியில் வேறொரு இரும்பு தெரிந்தது.

"இதுக்கு முன்னாடியும் இங்க வெல்டிங் வச்சிருக்கா தம்பி?"

தர்மராஜ் பட்டறைக்காரனைப் பார்த்தான். பிறகு, போன சீசனிலேயே அந்த முனை தேய்ந்துபோனதையும், அண்ணனும் தானுமாக இதே பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டியதையும் சொன்னான். எல்லா வண்டியிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அது பொய்யும் இல்லை.

ஒரு சீசன் முழுக்க அந்த ஒட்டின்மேல்தான் அந்தப் பெண்களை ஏற்றி இறக்கியிருக்கிறோம் என்று கொளஞ்சிக்குப் புரிந்தது. அவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவள் அவள். இடம் பார்த்து உட்காரவைத்தவளும் அவள். வெல்டிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

லப்பைக்குடிக்காட்டில் அன்சார் என்று ஒருவர் இருந்தார். சவூதியில் தம்மாம் நகரத்தில் பெரிய டிரெய்லர்கள் ரிப்பேர் பார்க்கும் ஒர்க்ஷாப்பில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் ஊருக்கு வந்து தகரக் கொட்டகை போட்டிருந்தார். வேலை சுத்தம், ஆனால் மனுஷன் இழுத்தடிப்பார் என்று அவருக்குப் பேர். கொளஞ்சி விஷயத்தைச் சொன்னபோது அவர் லாரி ஒன்றின் அடியில் படுத்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"வெல்டிங் வச்சும் ஏத்தலாங்க்கா. எல்லாரும் அதான் செய்றாங்க. நான் செய்றதில்ல. அந்தச் சூட்டுல பக்கத்து இரும்பு வெறைச்சுப் போயிடும். உடைஞ்சா அங்கதான் உடையும்."

மறுநாள் காலையில் அவர் ஒரு பையோடு வந்தார். பட்டறை வேலை ஆகாது என்றதும் டிரெய்லரை வீட்டு வாசலுக்கே இழுத்துவந்திருந்தார்கள். இடது முனையை ஒரு பார்வை பார்த்ததோடு சரி, அளக்கக்கூட இல்லை. அது போனது போனதுதான் என்றார். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப்போய் வலது சக்கரத்தின்மேல் கை வைத்தார்.

தர்மராஜ் குறுக்கே வந்தான். வலது பக்கம் ஒரு குறையும் இல்லை, பேரிங் மாற்றி நாலு மாதம்கூட ஆகவில்லை என்றான். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினான். துளி அசைவு இல்லை. நல்லா இருப்பதைப் பிரித்தால் நாள்தான் போகும் என்றான்.

அதற்குள் முத்துவேலும் வந்து நின்றார். அவர் கரும்பில் பாதி வெட்டி வயலில் கிடந்தது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, அதை நம்பி வெட்டியது. வெயிலில் கிடக்கக் கிடக்கச் சாறு வற்றி எடை இறங்கும். ராசாங்கத்தின் வண்டியை நம்பித்தான் வெட்டச் சொன்னேன் என்றார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் இருந்தது. அதுதான் கொளஞ்சிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்சார் யாரையும் பார்க்காமல், "முடிவு உங்களுதுங்க்கா" என்றார்.

"பிரிங்க பாய்" என்றாள் கொளஞ்சி.

சக்கரத்தைக் கழற்றி, பேரிங்குகளை உருவி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும், வலது முனை பளபளவென்று இருந்தது. பார்த்தால் குறையே சொல்ல முடியாது. தர்மராஜ் அண்ணியைப் பார்த்தான். அன்சார் பையிலிருந்து கனம் அளக்கிற மைக்ரோமீட்டரை எடுத்து, பேரிங் உட்காரும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு தரம் அளந்தார். பிறகு மேலும் கீழுமாக வைத்து அளந்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. பாரம் தாங்குகிற அடிப்பக்கம் தேய்ந்திருந்தது. ஒரு தலைமுடி கனம்தான். ஆனால் அந்த இடைவெளி போதும், பேரிங்கின் உள் வளையம் இறுக்கமாக உட்காராமல் தானும் சேர்ந்து நகர ஆரம்பிக்கும். நகர நகர முனையைத் தின்னும். இடது பக்கமும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்றார்.

"தேஞ்சதுகூடப் பரவால்ல" என்று சொல்லி, உருண்டை முனை சதுர இரும்போடு சேரும் முக்கில் விரலை வைத்தார். "எனக்கு இந்த இடம்தான் புடிக்கல."

அந்த முக்கில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டார். பிறகு சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸைத் தூளாக்கி மேலே பூசினார். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தூளின்மேல் மெதுவாக ஒரு கோடு ஈரமாக எழுந்தது. எறும்பு வரிசை மாதிரி, முனையின் அடிப்பக்கத்தைச் சுற்றி அரை வளையம். உள்ளே இறங்கிய எண்ணெய் திரும்ப வெளியே கசிகிறது என்றார் அன்சார்.

அரம் பட்ட கீறலாக இருக்கும் என்றான் தர்மராஜ். அன்சார் வாக்குவாதம் செய்யவில்லை. உப்புத்தாளால் அந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு, மறுபடி மண்ணெண்ணெய் தடவி, மறுபடி தூள் பூசினார். கோடு மறுபடியும் அதே இடத்தில் எழுந்தது.

எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று கொளஞ்சி கேட்டாள். மேலோட்டமாகவும் இருக்கலாம், பாதி இரும்புக்குப் போயிருக்கவும் செய்யலாம், அறுத்துப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். ஆக்சிலையே மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் புதுப் பேரிங் போட வேண்டும்.

முத்துவேல் நிமிர்ந்தார். "கொளஞ்சி, இடது பக்கத்த மட்டும் ஏதாச்சும் பண்ணி, ஒரே ஒரு நடை அடிச்சுக் குடுத்துடச் சொல்லு. வெட்டிக் கெடக்கறத மட்டும். அதுக்கப்பறம் நீ ஆக்சில மாத்து, வண்டியவே மாத்து."

"அந்த ஒரு நடையில அது போச்சுன்னா என்னாங்க பண்றது?" என்றாள் கொளஞ்சி. "எதுக்க ஒரு சைக்கிள்காரன் வருவான். இல்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரும். உங்க கரும்பு ஆலைக்குப் போவும். நான் பொறுப்பு. ஆனா இந்த வண்டி இப்ப நகராது."

வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராசாங்கம், அவள் உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் செத்துப்போன மாதிரி அவளே முடிவெடுக்கிறாள் என்றான். கொளஞ்சி அவன் கட்டுப் போட்ட காலின் அடியில் தலையணையை நகர்த்தி வைத்தாள். நீ செத்திருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பண்ணிக்கொண்டிருக்க மாட்டேன் என்றாள்.

பொறுப்பு என்று சொல்லியாகிவிட்டது. மாட்டுவண்டி ஒன்றுதான் வழி. சுற்றுவட்டாரத்தில் இன்னும் மாட்டுவண்டியில் ஆலைக்குக் கரும்பு அடிக்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அமாவாசை. ஒரு காலத்தில் இந்த ஊர்க் கரும்பு முழுக்க அவர் வண்டியிலும் அவர் பங்காளிகள் வண்டியிலும்தான் போனது. ராசாங்கம் டிராக்டர் வாங்கிய வருஷம் அது நின்றது. அப்போது நடந்த வாய்ச்சண்டையில் ராசாங்கம், இனி உன் மாட்டை அடிமாட்டுக்கு ஓட்டு என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டதுக்குக்கூடப் போய்வருவதில்லை.

வேறு யாரையாவது அனுப்பலாமே என்று தர்மராஜ் சொன்னான். கொளஞ்சி தானே போனாள்.

அமாவாசை மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை. முத்துவேல் கரும்பு வெட்டிக் கிடப்பதையும், டிரெய்லர் எத்தனை நாளாகும் என்று தெரியாததையும் சொன்னாள். ராசாங்கம் அன்று பேசியதைப் பற்றி அவர் கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"உன் வூட்டுக்காரன் அனுப்பிச்சானா?"

"இல்லண்ணே. நானா வந்தேன். அவருக்குத் தெரிஞ்சா வேணாம்னுதான் சொல்லுவாரு."

அமாவாசை தவிட்டுத் தண்ணியை மாட்டின் முன்னால் நகர்த்தி வைத்தார். மாடு குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாலு வண்டி வரும். திங்கக்கெழம விடியறதுக்குள்ள கட்டுக் கட்டி வைக்கச் சொல்லு. எங்காளுங்க ஏத்த மட்டுந்தான் வருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொளஞ்சியும் அவள் ஆட்களும் கட்டுக் கட்டினார்கள். திங்கள் காலையில் மாட்டுவண்டிகள் கரும்போடு புறப்பட்டதைப் பார்த்துவிட்டு, அவள் தர்மராஜைக் கூட்டிக்கொண்டு குரும்பலூர்ப் பக்கம் போனாள். பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற ரோட்டில் டிரெய்லர் கட்டுகிற இடம் ஒன்று இருந்தது. ஆக்சில் அங்கேதான் கிடைக்கும். அன்சாருக்கு அன்று வர முடியவில்லை. பெரம்பலூரில் எந்தப் பேரிங் வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அந்தப் பேரிங்கைக் கையோடு எடுத்துப்போய் ஆக்சில் முனையில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். கையால் அழுத்தினால் ஏற வேண்டும். ஏறின பிறகு ஆடக் கூடாது. அவ்வளவுதான் சொன்னார்.

முதலில் காட்டிய ஆக்சிலில் பேரிங் தொளதொளவென்று இறங்கியது. பிடித்து ஆட்டினால் விரலுக்கு அந்த ஆட்டம் தெரிந்தது. கொளஞ்சி கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றில் ஒரு முனை சரியாக இருந்தது, மறு முனையில் பேரிங் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. கிரீஸ் போட்டுத் தட்டினால் போய்விடும் என்றார் கடைக்காரர். இதுவரை எவரும் இப்படிப் போட்டுப் பார்த்து வாங்கியதில்லை, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அல்லவா பார்க்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டார். தர்மராஜுக்கு வெட்கமாகிவிட்டது, இது போதும் அண்ணி என்று காதோரம் சொன்னான். அவள் கேட்கவில்லை. கொட்டகையின் பின்னால் அடுக்கியிருந்ததில் அடியில் கிடந்த ஒன்றை எடுக்கச் சொன்னாள். இரண்டு ஆட்கள் முனகிக்கொண்டே இழுத்துப் போட்டார்கள். பேரிங்கை முனையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். வழவழவென்று உள்ளே போய் நின்றது. ஆட்டிப் பார்த்தாள். மறு முனையிலும் அப்படியே. முக்குகளைத் தடவிப் பார்த்தாள். அங்கே இரும்பு வெடுக்கென்று மூலையாக மடங்காமல் வளைவாக இறங்கியிருந்தது.

"இத ஏத்துங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அன்சார் வந்து ஆக்சிலை மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் அவரும் ஒரு தரம் அளந்தார். அளந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மைக்ரோமீட்டரைப் பையில் போட்டதுதான் அவர் சொன்ன நல்ல வார்த்தை. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் ஒவ்வொரு உருளைக்கும் இடையில் நிரம்பும்படி கொளஞ்சி அழுத்தி அழுத்தி ஏற்றினாள். சக்கரத்தைச் சுற்றவிட்டபடியே நட்டை முறுக்கவேண்டும். சக்கரம் கனத்து நிற்கப் பார்க்கும்போது கொஞ்சம் தளர்த்த வேண்டும். துளை நேராக வந்ததும் பின்னைச் செருகி மடக்க வேண்டும். வலது பக்கத்தை அவர் செய்தார். இடது பக்கத்தைக் கொளஞ்சி செய்தாள். ஒரு தரம் அதிகமாகத் தளர்த்திவிட்டாள். அன்சார் சக்கரத்தை ஆட்டிக் காட்டியதும், முறுக்கி, மறுபடி முதலிலிருந்து செய்தாள்.

வாசலில் கிடந்த பழைய ஆக்சிலை தர்மராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பொறுக்க மாட்டாமல் அதைக் கல்லின்மேல் முட்டுக் கொடுத்து, சம்மட்டியை எடுத்து வலது முனையில் ஓங்கி அடித்தான். ஒடியவில்லை. வேர்க்க வேர்க்க அடித்தான். முனை கொஞ்சம் வளைந்தது. அவ்வளவுதான். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"பாத்தீங்களா அண்ணி. இன்னும் ரெண்டு சீசன் ஓடியிருக்கும்."

கொளஞ்சி கையில் ஒட்டிய கிரீஸை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓடியிருக்கலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. இவ்வளவு அலைச்சல், இவ்வளவு செலவு, முத்துவேலின் மனத்தாங்கல், புருஷனின் கோபம். அன்சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அறுத்துப் பார்க்காமல் தெரியாதென்று அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி.

"ஓடியிருக்கும் தம்பி" என்றாள். "ஓடாமலும் போயிருக்கும். தெரியாத ஒண்ணு மேல நான் ஆளுங்கள ஏத்தமாட்டேன்."

புதன்கிழமை முத்துவேலின் மீதிக் கரும்பை வெட்டி ஏற்றினார்கள். காலையில் பெண்கள் டிரெய்லரைச் சுற்றி நின்றார்கள். யாரும் ஏறவில்லை. கொளஞ்சி ஒருத்தரையும் வற்புறுத்தவில்லை. ஜாக்கியைப் போட்டு இரண்டு சக்கரத்தையும் தூக்கி, அவர்களையே ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். சின்னம்மாள் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். வீரம்மாள் மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் நடந்தே வருகிறேன் அக்கா என்றாள். அந்த சீசன் முடியும்வரை அவள் நடந்துதான் வந்தாள். கொளஞ்சியும் சில நாள் அவளோடு சேர்ந்து நடந்தாள்.

மத்தியானம் பாரம் கிளம்பியது. தர்மராஜ் ஓட்ட, கொளஞ்சி பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்துகொண்டாள். லப்பைக்குடிக்காடு வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். சக்கரத்தின் நடுவே ஹப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். லேசான சூடு இருந்தது, இளங்காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. சுற்றிப்போய் வலது பக்கமும் வைத்துப் பார்த்தாள். அதே சூடு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பயமில்லை என்று அன்சார் சொல்லியிருந்தார். தர்மராஜும் இறங்கிவந்து, அவள் கேட்காமலே, இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தான்.

ஆலை வாசலில் வரிசை நீண்டு கிடந்தது. அவர்களுக்கு முன்னால் மாட்டுவண்டிகள் நின்றன. அதில் ஒன்று அமாவாசையுடையது. வேறு ஊர்க் கரும்பு ஏற்றி வந்திருந்தார். ஓரமாக விட்டு முந்திக்கொள்ளலாம் என்று தர்மராஜ் கிளட்சை மிதித்தான். டிராக்டர்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். கொளஞ்சி அவன் கையைத் தொட்டு, பின்னாலேயே நில் என்றாள்.

அமாவாசை திரும்பிப் பார்த்தார். வண்டியை விட்டு இறங்கி, மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு டிரெய்லர் பக்கம் வந்தார். இன்னும் பெயின்ட்கூட அடிக்காத புது ஆக்சிலைக் குனிந்து பார்த்தார்.

"இரும்பு நல்லா இருக்கு" என்றார். கொஞ்சம் தயங்கி, "ராசாங்கத்துக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கட்டுப் பிரிக்க இன்னும் நாளாவும்ணே. படுத்த எடத்துல இருந்து எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்காரு."

"திட்டட்டும். ஒரு நாளைக்கு வந்து பாக்கறேன்னு சொல்லு."

அவர் போய் நுகத்தடியைத் தொட்டதும் வரிசை நகர்ந்தது. மாட்டுவண்டி எடைமேடைமேல் ஏறி இறங்கியது. தர்மராஜ் மெதுவாக டிராக்டரை முன்னால் எடுத்தான். கரும்புப் பாரத்தோடு டிரெய்லர் சத்தமில்லாமல் மேடைமேல் ஏறி நின்றது.